கெலிஓயாவில் விட்டுவந்த செருப்பு

“செருப்பு இங்க ஈக்கட்டும். நீங்க போங்க” என்றார் கிமுரா.

கெலிஓயாவில் காசிம் ஹாஜியாரின் இரும்புக் கடைக்குப் பின்னால், மாடிப்படியின் அடியில் குந்தியிருந்தார் அந்த ஜப்பான்காரர். என் ரப்பர் செருப்பு இரண்டையும் படியில் சோடியாக வைத்துவிட்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது செருப்புக்கு வெள்ளை வார். வலது செருப்பின் வார் அறுந்தபோது கடையில் வெள்ளை கிடைக்கவில்லை. கறுப்பை வாங்கி மாட்டியிருந்தேன். ஒண்டிக்கட்டையின் செருப்பு அப்படித்தான் இருக்கும். பார்த்துச் சிரிக்கவும் வீட்டில் ஆள் கிடையாது.

“நான் எப்படி கண்டிக்குப் போறது?” என்று கேட்டேன்.

“பஸ்” என்றார் கிமுரா.

கடைக்குள்ளிருந்து ஹாஜியார் எட்டிப் பார்த்தார். “அவர் ஒன்னப் புடிச்சா உடமாட்டார் தம்பி. இந்தாங்க, என்டதப் போட்டுட்டுப் போங்க. ரெண்டு நாளையில வந்து மாத்திக்கொள்ளுங்க.”

ஹாஜியார் ஆறடி மனிதர். நான் அவருடைய தோளுக்கு வருவேன். குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தபோது செருப்பு முன்னால் போனது, நான் பின்னால் போனேன்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் அச்சகத்துச் சண்டைகளைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, “எப்பவும் சண்டையா? கொஞ்சம் சிரிக்கிற மாதிரி எழுதுங்களேன்” என்று பிலிமத்தலாவையில் ஒருவர் என்னை வழிமறித்துக் கேட்டார். கிமுரா சிரிப்புப் படம் போட்டே காலம் தள்ளியவர். அவரைப் பற்றி எழுதினால் சிரிப்பு வரும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். வருகிறதா பார்ப்போம்.

டின்னில் இருந்த மலை

எழுபதுகளின் பிற்பகுதி அது. கண்டியில் ஓர் அச்சகத்தில் நான் படம் வரைகிற வேலையில் இருந்தேன். கற்பூரப் பெட்டிக்குப் பிள்ளையார், கல்யாணக் கார்டுக்கு நாதஸ்வரம், தேர்தல் வந்தால் ஆளுக்கொரு சின்னம். கொழும்பில் வெளிவந்த ஒரு தமிழ் ஞாயிறு இதழுக்கு வாரம் ஒரு நகைச்சுவைப் படமும் அனுப்புவேன். அதில் என் பெயர் எறும்பு அளவில் வரும். அதைப் பார்ப்பதற்காகவே பத்திரிகை வாங்குவேன்.

ஒரு நாள் கறுப்பு மை கேட்டுக்கொண்டு ஒரு ஜப்பான்காரர் அச்சகத்துக்குள் வந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. குப்பியைத் திறந்து மணந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பேனா முள்ளை எடுத்து மையில் தொட்டு, தன் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்தார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நானும் முள்ளை நகத்தில்தான் இழுத்துப் பார்ப்பேன். மை படிந்த என் நகத்தைக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கீழே விழுந்தது. இருவருக்கும் இடையில் வேறு அறிமுகம் தேவைப்படவில்லை.

அவர் கண்டிக்கு வந்த காரணம் ஒரு தேயிலை டின். எப்போதோ அவர் மனைவி வாங்கிய சிலோன் தேயிலை. டின்னில் ஒரு மலையும் அதன் கீழ் ஓர் ஏரியும் அச்சாகியிருந்தன. தேயிலை தீர்ந்தபிறகு அவர் அதில் பென்சில் போட்டு வைத்துக்கொண்டார். மனைவி இறந்தபின், தினமும் கண்ணில் படுகிற அந்த மலையை நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பி வந்துவிட்டார்.

டின்னை என்னிடம் காட்டி, இந்த மலை எங்கே என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? என்னைப் போல ஒருவன் ஏதோ ஓர் அச்சகத்து மூலையில் உட்கார்ந்து, பழைய காலண்டரைப் பார்த்துப் போட்ட மலை அது. சொல்ல மனம் வரவில்லை. “கம்பளைப் பக்கம் போய்ப் பாருங்க” என்று கைகாட்டி விட்டேன்.

போகிற வழியில் கெலிஓயாவில் டீ குடிக்க இறங்கியவர், ஹாஜியாரின் மாடி அறையைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்டார். மலையை மறந்துவிட்டாரா, இல்லை விஷயம் விளங்கிவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

அவருடைய தமிழ் முழுவதும் இரும்புக் கடையில் கற்றது. ஆகவே ஹாஜியார் வீட்டுத் தமிழ்; ‘இருக்கிறது’ அதில் ‘ஈக்கிது’ ஆகிவிடும். அதில் சரிபாதியை விட்டுவிட்டுப் பேசுவார். மிச்சத்தைப் பென்சிலால் வரைந்து காட்டுவார்.

அடுத்த மாதத்தில் குடியிருந்தவர்

கிமுரா தன் ஊர் நாளிதழில் தினமும் நாலு கட்டப் படக்கதை போடுகிறவர். யுத்தம் முடிந்து காகிதத்துக்கே தட்டுப்பாடாக இருந்த காலத்தில், பத்திரிகை அலுவலகத்தில் வரைபடம் கீறுகிற வேலைக்குச் சேர்ந்தாராம். ஒரு நாள் ஒரு விளம்பரம் வராமல் போய், பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒடுக்கமாய் ஒரு துண்டு காலியாக நின்றது. எதையாவது போட்டு நிரப்பு என்றார்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு கட்டம் போட்டு நிரப்பினார்.

மறுநாளும் கேட்டார்கள். அதற்கு மறுநாளும் கேட்டார்கள். அந்தத் துண்டு இடத்திலேயே அவருக்குக் கல்யாணமாகி, மயிர் நரைத்து, கண்ணாடியும் வந்துவிட்டது.

படக்கதையின் பெயர் ‘வாசல்’. ஒரு தபால்காரர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகிற மகள், சின்ன மகன், ஒரு பூனை. கதை முழுக்க அந்த வீட்டு வாசலில்தான் நடக்கும். அவர்கள் நாட்டிலும் நம்மைப் போலவே சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஆட்களை வரைய இடம் போதாத நாளில் கிமுரா சப்பாத்துகளை மட்டும் போட்டுவிடுவார்.

“சப்பாத்து ஈக்கிது, ஆள் ஈக்கிது” என்பார். அவருடைய தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

ஒரு நாள் தாயின் மரச்செருப்பைப் போட மறந்துவிட்டாராம். அவள் புருஷனோடு கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாளா என்று கேட்டு, பத்திரிகைக்கு ஓயாமல் டெலிபோன் வந்ததாம். மறுநாள் செருப்பைப் பெரிதாகவே போட்டுச் சமாளித்தார்.

அந்த மரச்செருப்பு உண்மையில் அவர் மனைவியுடையது. அதன் வார் சிவப்பு. கறுப்பு மையில் அச்சாகிற பத்திரிகையில் அது யாருக்கும் தெரியாது. எனக்குச் சொன்னார்.

தினசரிக்குப் படம் போடுகிறவன் நாட்களுக்கு முன்னால் ஓட வேண்டும். கிமுராவுக்குத் தபால் பயணமும் சேர்ந்துகொண்டது. அதனால் இன்னும் வேகமாக ஓடினார். கெலிஓயா வெயிலில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த வீட்டுக் கூரையில் பனி விழுவதை வரைவார். “நான் அடுத்த மாசம்” என்பார். அடுத்த மாதத்தில் தனியாகக் குடியிருக்கிற ஆளுக்கு, இன்றைய பின்னேரத்தில் செய்ய ஒன்றும் இருக்காது. எனக்கும் இருக்காது. அதனால்தான் ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் போய், அவரோடு பிளேன்டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு முறை அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. மனைவியின் சவ அடக்கத்தன்று காலையிலும் ‘வாசல்’ வெளிவந்தது. பல நாளுக்கு முன்பே வரைந்து கொடுத்தது. அன்றைய படத்தில் தாய் வாசலில் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். துக்கத்துக்கு வந்த அயலவர்கள், அந்தப் பக்கம் தெரியாதபடி பத்திரிகையை மடித்துக் கையில் ஒளித்து வைத்திருந்தார்களாம்.

அதற்குப் பிறகும் அவர் அந்தத் தாயை நிறுத்தவில்லை. நாள்தோறும் மரச்செருப்பு வாசலில் இருந்தது. ஊருக்கெல்லாம் இறந்தவள், அந்த நாலு கட்டத்துக்குள் மாத்திரம் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில், அந்த வருடத்தோடு ‘வாசல்’ முடியட்டும், புதுவருடத்திலிருந்து அந்த இடம் ஓர் இளம் ஓவியருக்கு என்று பத்திரிகை முடிவெடுத்துவிட்டது. கிமுரா வாதாடவில்லை. கடைசி நாளுக்கு மட்டும் பக்கத்தின் அடியில் முழு அகலத்தையும் கேட்டார். கொடுத்தார்கள். மற்ற நாட்களுக்கு உரியதையெல்லாம் வரைந்து அனுப்பிவிட்டார். அந்தக் கடைசி ஒன்றுதான் வரவில்லை. அதை வரைந்தால் கதவைச் சாத்த வேண்டும். சாத்தினால் அவள் போய்விடுவாள்.

“ஏலா” என்பார், முடியவில்லை என்று கிழித்த காகிதங்களைக் காட்டி. அடுத்த தபாலில் சேர்க்காவிட்டால், பழைய படம் ஒன்றைப் போட்டு முடித்துக்கொள்வோம் என்று பத்திரிகை சொல்லிவிட்டது.

அம்மாவின் புதுச் செருப்பு

அந்த வாரம்தான் என் அம்மாவும் தங்கச்சி செல்வியும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

அப்பாவும் அம்மாவும் உழைத்த தேயிலைத் தோட்டம் கம்பளைக்கு மேலே. அப்பா உயிரோடு இருந்தபோது, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத எங்கள் குடும்பத்துக்கு இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். நான் வயது வந்தவன் என்று தனியாக இலங்கைக்குப் போட்டேன். மனுப் போட்ட பலர் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தபோது, எங்களுக்கு இரண்டு பக்கமும் கிடைத்துவிட்டது. ஒரு பக்கமாவது கிடைக்காமல் போயிருக்கலாம்.

தலைமன்னார் ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சியில், அவர்களோடு நானும் போனேன். நிலையத்துக்கு நிலையம் ஆட்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மா அழவில்லை. மடியில் வைத்திருந்த புதுச் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அம்மா அதுவரை செருப்புப் போட்டதில்லை. கொழுந்து எடுக்கிற மலையில் வெறுங்காலோடு ஏறி இறங்கியே விரல்களெல்லாம் விரிந்துபோன கால் அது. அந்த ஊரில் வெறுங்காலோடு போய் இறங்கக் கூடாது என்று செல்விதான் வற்புறுத்தி வாங்கிக் கொடுத்திருந்தாள்.

இறங்குதுறையில் பார்த்தால், அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நிற்கிறாள்.

“போட்டுக்கம்மா” என்றேன்.

“கப்பல்ல ஏறிப் போட்டுக்கிறேன்டா. இங்க எல்லாம் மண்ணா இருக்கு.”

“விடுண்ணே, அது கேக்காது” என்றாள் செல்வி. பிறகு என் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டு, “நேரத்துக்குச் சாப்பிடு. கடையில தின்னே கெடக்காத” என்றாள்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டேதான் அம்மா ஏறினாள். மேலே போய்ப் போட்டுக்கொண்டாளா என்று தெரியாது. கூட்டத்தில் அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

வலமிருந்து இடம்

ஞாயிறு காலை கண்டி ஸ்டேஷனில் தனியே இறங்கினேன். பழக்க தோஷம், பத்திரிகை வாங்கினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கொஞ்ச காலமாக ‘வாசல்’ எங்கள் ஞாயிறு இதழிலும் வந்துகொண்டிருந்தது. கிமுரா தன் பழைய படங்களின் பிரதிகளைக் கொடுப்பார். மேலிருந்து கீழாக இருக்கும் கட்டங்களை நான் வெட்டி, இடமிருந்து வலமாக ஓர் அட்டையில் ஒட்டி, தமிழில் பேச்சு எழுதிக் கொழும்புக்கு அனுப்புவேன். அந்த வாரம் நான் தலைமன்னார் போவதால், பேச்சு இல்லாத படம் ஒன்றைத் தானே ஒட்டி அனுப்பிவிடுவதாகக் கிமுரா சொல்லியிருந்தார்.

பிளாட்பாரத்து வாங்கில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன்.

முதல் கட்டத்தில் மழை. வாசலில் தபால்காரரின் பூட்ஸ், மரச்செருப்பு, மகளின் சப்பாத்து, மகனின் சேற்றுச் சப்பாத்து. வரிசையின் கடைசியில் பூனையின் நாலு சேற்றுத் தடம். அடுத்த கட்டத்தில் பூனையும் பிள்ளைகளும் இல்லை. அதற்கடுத்ததில் தபால்காரரின் பூட்ஸ் மட்டும். கடைசிக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் வாசல். மழை.

நான் தலைமன்னாரில் அழவில்லை. கோச்சியிலும் அழவில்லை. கண்டி ஸ்டேஷனில், பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த ஊரில் என் வீடு காலியானதைக் கவனித்த மனிதர் ஒருவராவது இருக்கிறார் என்று நினைத்தேன். அறைக்குக்கூடப் போகாமல் கெலிஓயா பஸ்ஸைப் பிடித்தேன்.

“எல்லாரும் போய்ட்டாங்களா தம்பி?” என்று கேட்டார் ஹாஜியார்.

“போய்ட்டாங்க ஹாஜியார்.”

“அல்லாஹ் லேசாக்கி வைப்பான். மேல போங்க, பிளேன்டீ அனுப்புறேன்.”

மாடியில் கிமுராவிடம் பத்திரிகையை நீட்டி, எனக்காக இப்படி ஒரு படம் போட்டதற்கு நன்றி என்றேன். வாங்கிப் பார்த்தவரின் முகம் செத்துவிட்டது. எழுந்து நின்று, இடுப்பு வரை குனிந்து, “பிழை, பிழை” என்றார்.

விரலை வலது ஓரத்தில் வைத்து இடது பக்கம் நகர்த்திக் காட்டினார். வெறும் வாசல். மழையில் தபால்காரர் வருகிறார். பிறகு தாய். பிறகு பிள்ளைகள். கடைசியில் பூனையும் வந்து, எல்லாரையும் போலத் தன் நாலு காலையும் வரிசையில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது. அது சிரிப்புப் படம். அவர்கள் நாட்டில் வலமிருந்துதான் வாசிப்பார்கள். தன் கைப்பழக்கத்தில் அப்படியே ஒட்டிவிட்டார். கொழும்பில் யாரும் கவனிக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஒரு பூனைக்காக அல்லவா அழுதிருக்கிறேன்!

கிமுரா சிரிக்கவில்லை. விரலை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனார். என் பக்கத்திலிருந்து, மெதுவாக, ஒவ்வொரு கட்டமாக வந்தார். வெறும் வாசலில் விரல் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து வந்தார்.

பிறகு நிமிர்ந்து, “உங்கட அம்மா சப்பாத்து?” என்று கேட்டார்.

“அம்மா போடுறதில்ல” என்றேன். இறங்குதுறையில் நடந்ததைச் சொன்னேன்.

அவர் குழம்பிப் போனார். “சப்பாத்து இல்ல...” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். அவருடைய தொழில் ரகசியத்துக்குள் என் அம்மா அடங்கவில்லை.

மேசையில் பிளேன்டீ கொஞ்சம் சிந்தியிருந்தது. அதில் விரலைத் தொட்டு அம்மாவின் பாதத்தை வரைந்து காட்டினேன். விரிந்த விரல்கள், ஒதுங்கி நிற்கும் பெருவிரல். அது காய்ந்து மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னோடு கீழே இறங்கி வந்தவர்தான், படியடியில் குந்தி, என் செருப்பைப் பிடித்துக்கொண்டார்.

செருப்பு மாற்றப் போன நாள்

அதன் பிறகு நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன். கடைசிப் படம் தபாலில் போய்ச் சேர்ந்தது. தபாலில் போடும் முன்பே அதிலிருந்து எங்கள் அச்சகத்தில் நானே ஓர் அச்சுப் புளொக் எடுத்து, எங்கள் இதழுக்காகக் கொழும்புக்குக் கோச்சியில் கொண்டுபோனேன். “இதாவது சரியான பக்கமா ஐசே?” என்று கேட்டார் பக்கம் அமைப்பவர். “எந்தப் பக்கமும் சரிதான், கைய வச்சிராதீங்க” என்றேன். அங்கே வந்த அதே வாரம் இங்கேயும் வந்தது.

அது வெளிவரும் முன்பே கிமுரா ஊருக்குப் போய்விட்டார். டின்னை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இதை எழுதும் பென்சிலும் அதிலிருந்து எடுத்ததுதான். அவர் போனபிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மிகவும் நீண்டுவிட்டன. அதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனி, செருப்பு மாற்றப் போன நாள்.

ஹாஜியாரின் செருப்பைக் கடை வாசலில் விட்டுவிட்டு மேலே போனேன். மேசையில் நீளமாக அந்தப் படம் கிடந்தது. மை இன்னும் சரியாகக் காயவில்லை. நாலு கட்டமும் பக்கம் பக்கமாக இருந்தன. பேச்சில்லை, ஆட்களும் இல்லை. வாசல் மட்டும்.

கிமுரா வலது ஓரத்தில் விரலை வைத்தார். “எங்கட ஊர்” என்றார். வாசல் நிறையச் சப்பாத்துகள். அடுத்த கட்டத்தில் பூனையின் தடம் இல்லை. அதற்கடுத்ததில் பிள்ளைகளுடையவையும் இல்லை, தபால்காரரின் பூட்ஸும் மரச்செருப்பும் மிச்சம். அந்த இடத்தில் அவர் விரல் கொஞ்சம் தயங்கியது.

“போகட்டும்” என்றார்.

இடது ஓரத்துக் கடைசிக் கட்டத்தில் ஒரு சோடி ரப்பர் செருப்பு மட்டும் இருந்தது. ஒன்றுக்கு வெள்ளை வார், மற்றதுக்குக் கறுப்பு வார்.

“என் செருப்பு எதுக்கு?” என்று கேட்டேன். அந்த ஊர் ஆட்களுக்கு அது யாருடையது என்று எப்படித் தெரியும்?

“வீடு பார்க்க ஒரு ஆள் வேணும் தானே” என்றார்.

பிறகு என் கையைப் பிடித்து, என் விரலை அந்தச் செருப்பின் மேல் வைத்தார். “இப்ப உங்கட ஊர்.”

நான் இடமிருந்து வலமாகப் போனேன். வாசலில் என் செருப்பு தனியாக இருந்தது. அடுத்த கட்டத்தில் அதன் பக்கத்தில் மரச்செருப்பும் தபால்காரரின் பூட்ஸும் வந்துவிட்டன. அதற்கடுத்ததில் பிள்ளைகளின் சப்பாத்துகள். அவற்றோடு ஒட்டினாற்போல ஒரு பெண்ணின் செருப்பு. செல்வியுடையது என்று எடுத்துக்கொண்டேன். நாலாவது கட்டத்தில் எல்லாம் இருந்தன. பூனையின் தடங்கூட இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேல் படியில், சப்பாத்து இல்லாத இடத்தில், புள்ளி புள்ளியாக ஓர் ஈரக் காலடி. விரல்கள் விரிந்து, பெருவிரல் ஒதுங்கி. அதற்கு முன்னால் இன்னொன்று. வாசலைத் தாண்டி இன்னொன்று, உள்ளே போகிறது.

நான் விரலை எடுக்கவில்லை.

“அம்மா ஈக்கிது” என்றார் கிமுரா.